மணிராஜ் சொன்ன கிளைமாக்ஸ்

குருபிரசாத்துக்கு அன்றைக்குக் காலையில் ஒரே ஒரு சோலிதான் இருந்தது. மதுமதி சென்னைக்கு ரயில் ஏறுவதற்குள், ‘போகாதீங்க, நாம கல்யாணம் பண்ணிக்கிடுவோம்’ என்று சொல்லிவிட வேண்டும். ஜங்ஷன் ரயில் நிலையத்துக்குப் போயிருந்தால் நேரிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் இந்த மகராசன் நின்றுகொண்டிருந்தது ஆற்றுக்கு மேலே, சுலோச்சன முதலியார் பாலத்தில். பக்கத்தில் மணிராஜ்.

மணிராஜ், பாளையங்கோட்டையில் கல்யாண வீடியோக்களை வெட்டி ஒட்டுகிறவன். பள்ளிக்கூடத்திலிருந்தே குருவுக்குக் கூட்டாளி. காதல் காமெடிப் படம் ஒன்றையும் விடமாட்டான். முதல் பாட்டு முடிவதற்குள் கடைசிக் காட்சியைச் சத்தமாகச் சொல்லி, முன் இருக்கைக்காரர்களிடம் ஏச்சு வாங்குவான். சொன்னது ஒருநாளும் தப்பாகாது, அதுதான் வினை. இவனைப் போய் எவனாவது தன் காதலுக்கு வக்கீலாக வைப்பானா? குரு வைத்தான்.

குருவும் மதுமதியும் வண்ணார்பேட்டையில் ஓர் இன்சூரன்ஸ் அலுவலகத்தில் அடுத்தடுத்த மேஜை. அவள் வேலைக்கு வந்த முதல் வாரமே, தன்னுடையது என்று நினைத்து அவள் டிபன் பாக்ஸிலிருந்த சொதிச் சோற்றைக் குரு வழித்துத் தின்றுவிட்டான். அவள் ஒரு பாட்டம் ஏசித் தீர்த்தாள். கேட்ட மணிராஜ் துள்ளிக் குதித்தான். “மொத சீன்லயே சண்டையாலே? அப்போ காதல்தான், சந்தேகமே இல்ல!” பிறகு ஒரு மழைநாளில் இரண்டு பேரும் ஒரே குடையில் பஸ் ஸ்டாப் வரைக்கும் நடந்தார்கள். “குடை வந்துட்டா? இனி பாட்டுதான் பாக்கி,” என்றான். பாட்டு வரவில்லை. மதுமதிக்கு ஜலதோஷம் வந்தது. குரு சுக்குக்காப்பி வாங்கிக் கொடுத்தான். அவள் அதைக் குடித்துவிட்டு அவனைப் பார்த்துச் சிரித்தாளே, அந்தச் சிரிப்பில் பயல் ஒரேயடியாக விழுந்துவிட்டான்.

போன மாதம் அவள் அவன் மேஜைக்கு வந்தாள்.

“சென்னை ஆபீசுக்குக் கூப்பிடுதாங்க. போகவா வேண்டாமான்னு தெரியல. நீங்க என்ன சொல்லுதிய?”

கேட்டுவிட்டு நகரவில்லை, நின்றாள். ‘வேண்டாம்’ என்ற சொல் குருவின் தொண்டை வரைக்கும் வந்துவிட்டது. ஆனால் முந்தின நாள்தான் மணிராஜ் பாடம் நடத்தியிருந்தான். இடைவேளைக்குப் பிறகு ஒரு பிரிவு வரும், கதாநாயகன் விட்டுக்கொடுக்க வேண்டும், அப்போதுதான் கதாநாயகிக்கு உறைக்கும் என்று.

“போங்க. நல்ல வாய்ப்பு,” என்றான் குரு.

அவள் முகம் மாறியதைக் கவனிக்கத்தான் செய்தான். ஆனால் அது எந்தக் காட்சியில் வருகிற முகம் என்று அவனுக்குப் பிடிபடவில்லை. வீட்டுக்குப் போய் மூன்று படம் போட்டுப் பார்த்தும் விளங்கவில்லை.

இப்போது பாலத்தில் நின்றுகொண்டு நகத்தைக் கடித்தான்.

“ஸ்டேசனுக்கே போயிருவோமாலே? இந்தா, நடந்தா போயிரலாம்.”

“கூறு இருக்கா ஒனக்கு? பிளாட்பாரத்துல ஓடுததெல்லாம் அரதப் பழசு மக்கா. இப்போ உள்ள படத்துல அவதான் எறங்கி ஓடியாரா. நீ இங்கன நிக்கேன்னு மட்டும் சொல்லு. மிச்சத்த அவ பாத்துக்கிடுவா.”

குரு செல்போனில் அடித்தான்: ‘பாலத்துல நிக்கேன்.’

கொஞ்ச நேரம் கழித்துப் பதில் வந்தது: ‘சரி. வாரேன்.’

மணிராஜ் அவனைக் கட்டிப் பிடித்துத் தூக்கினான். மீன் கூடையோடு போன அம்மா ஒருத்தி நின்று பார்த்துவிட்டுப் போனாள். குரு தலையைச் சீவினான். மணிராஜ் கேமராவைத் தயார் பண்ணினான். ஓர் ஆட்டோ நின்றது. குரு ஓர் எட்டு முன்னால் வைத்தான். வாழைத்தாரோடு ஒரு வியாபாரி இறங்கினார். அடுத்த ஆட்டோ நிற்கவே இல்லை. வெயில் ஏறியது. ரயில் கிளம்பும் நேரமும் தாண்டியது. ரயிலில் ஏறாமல்தான் வருகிறாள் போல என்று மணிராஜ் சொன்னான். அதுவும் சரிதானே என்று குரு இன்னும் கொஞ்ச நேரம் நின்றான். கடைசியில் பொறுக்கமாட்டாமல் அவளைக் கூப்பிட்டான்.

“எங்க வந்துக்கிட்டிருக்கிய?”

“மணியாச்சி ஸ்டேசன் வரப்போவுது.”

“மணியாச்சியா? வாரேன்னு சொன்னியளே!”

“ஆமா. ஊருக்குக் கெளம்பும்போது போறேன்னா சொல்லுவாங்க? வாரேன்னுதானே சொல்லணும்.”

நடக்கத் தெரிந்த நாளிலிருந்து வீட்டுப் படி இறங்கும்போதெல்லாம் குருவும் சொல்லிவிட்டு இறங்குகிற சொல்தான். அதை அவள் சொன்னால் மட்டும் எப்படி வேறாகக் கேட்டது? அவள் பேசுவது தமிழா, தான் கேட்பது தமிழா என்றே குழம்பிப்போனான்.

“நீங்க ஸ்டேசனுக்கு வருவியன்னு பாத்துக்கிட்டே இருந்தேன்,” என்றாள் மதுமதி. “பாலத்துல நிக்கேன்னு போட்டிருந்திய. வேற ஏதோ சோலி போலன்னு நெனச்சிக்கிட்டேன்.”

மணிராஜ் அவன் தோளைப் போட்டு உலுக்கினான். “எறங்கச் சொல்லுலே! இதாம்லே கிளைமாக்ஸ்!”

“மது, நீங்க... மணியாச்சில எறங்குதியளா?”

அந்தப் பக்கம் வண்டி நின்றது. வடை விற்கிறவனுடைய குரல் கேட்டது.

“எறங்கி?” என்றாள்.

கேலியாகக் கேட்கவில்லை. மெய்யாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். குரு மணிராஜைப் பார்த்தான். மணிராஜ் ஆற்றைப் பார்த்தான். அவர்கள் பார்த்த படங்களில் எல்லாம் கதாநாயகி இறங்கியதும் பெயர் ஓட ஆரம்பித்துவிடும், ஆட்கள் எழுந்து செருப்பைத் தேடுவார்கள். அதற்குப் பிறகு அந்தப் பெண் பெட்டியோடு எங்கே போனாள், யார் வீட்டில் என்ன சொன்னார்கள் என்று இவர்கள் ஒருநாளும் யோசித்ததில்லை. உன்னைப் பிடித்திருக்கிறது என்று சொன்னாலே போதும். அம்மாவைக் கூட்டிக்கொண்டு வருகிறேன் என்றாலும் போதும். எதை முதலில் சொல்வது என்று குருவுக்குத் தெரியவில்லை. அவள் காத்திருந்தாள்.

வண்டி ஊதியது.

“சரி, வச்சிரட்டுமா?” என்றாள் மதுமதி.

“சரிங்க,” என்றது குருவின் வாய்.