மூன்றாம் மாடியில் அறுபத்தொரு பேர்

டெய்லருக்கு வந்த கடிதத்தில், அவர் வீட்டில் அறுபத்தொரு பேர் குடியிருப்பதாக எழுதியிருந்தது.

அவர் அதை இரண்டு தடவை படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மூன்றாவது தடவையும் படித்தார். மூன்றாம் மாடி, பன்னிரண்டாம் எண். முகவரி சரிதான். முன்னறையில் இரண்டு தையல் மெஷின், ஒரு வெட்டு மேசை. உள்ளே ஒரு படுக்கையறை. அதையொட்டி, ஒருவர் நின்றால் இன்னொருவர் திரும்ப முடியாத சமையலறை. இதில் குடியிருந்தது அவரும் அவர் மனைவியும்தான். மீதி ஐம்பத்தொன்பது பேரைத் தேடி அவர் கட்டிலுக்கு அடியில் குனிந்து பார்க்கவில்லை. விஷயம் அவருக்குத் தெரியும். எண்ணிக்கைதான் தெரியாது.

மனைவி வேலை முடிந்து வந்ததும் கடிதத்தை நீட்டினார்.

"இந்தா, உன் குடும்பத்தைப் பத்தி எழுதியிருக்காங்க."

அவள் அந்த வட்டாரத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் பதினான்கு வருடமாகப் பதிவு கவுன்ட்டரில் இருப்பவள். வருகிறவர்கள் எல்லாருக்கும் கவுன்ட்டர் அக்கா. செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்றபடி படித்தாள். ஒரே வீட்டில் இத்தனை பேர் நெருக்கமாக வசிப்பது நோய் பரவ வழி செய்யும் என்றும், விடுமுறை நாளில்தான் அனைவரும் வீட்டில் இருப்பார்கள் என்பதால் வரும் ஞாயிறு மாலை நான்கு மணிக்கு சுகாதார ஆய்வாளர் நேரில் வருவார் என்றும் இருந்தது.

"அம்பத்தொன்பதா ஆயிடுச்சு?" என்று மெதுவாகக் கேட்டாள்.

"என்னைக் கேக்கறியா?" என்றார் டெய்லர்.

ஐந்து மாதத்துக்கு முன் ஆரம்பித்தது இது. கிரேன் ஓட்டுகிறவரின் மனைவி, நாலு மாத வயிற்றோடு கவுன்ட்டருக்கு வந்தாள். அதுவரை எந்த டாக்டரையும் பார்த்ததில்லை. அவள் மொழி அக்காவுக்குத் தெரியாது. அக்காவின் மொழியில் அவளுக்கு ஆறு வார்த்தை தெரியும். பெயர், வயது, மாதம் எல்லாவற்றையும் விரலாலும் தலையாட்டலாலும் வாங்கிவிட்டாள் அக்கா. முகவரியில்தான் வண்டி நின்றது. அந்தப் பெண் தன் போனில் ஒரு படத்தைக் காட்டினாள். பாதி எழும்பிய கட்டடம். அதற்கு எதிரே வரிசையாக நீலநிற கன்டெய்னர் அறைகள். தெருப் பெயர் இல்லை, கதவு எண் இல்லை. கட்டடம் முடிந்தால் லாரி வந்து அறையையே தூக்கி அடுத்த கட்டடத்துக்குக் கொண்டுபோய்விடும்.

முகவரிக் கட்டம் காலியாக இருந்தால் கம்ப்யூட்டர் அடுத்த பக்கத்துக்குப் போகாது. திருப்பி அனுப்பச் சொல்வதுதான் விதி. அக்காவும் பதினான்கு வருடத்தில் பலரை அப்படித் திருப்பி அனுப்பியவள்தான். அன்றைக்கு அந்தப் பெண் வீங்கிய காலை மாற்றி மாற்றி வைத்துக்கொண்டு, கவுன்ட்டர் திட்டைப் பிடித்தபடி நின்றாள். போகவும் இல்லை, கெஞ்சவும் இல்லை. பின்னால் வரிசை முணுமுணுத்தது. அக்காவின் விரல்களுக்கு மனப்பாடமாகத் தெரிந்த முகவரி ஒன்றே ஒன்று. அதைத் தட்டினாள். பக்கம் நகர்ந்தது.

ஒரு தடவைதானே என்று நினைத்தாள். அடுத்த வாரம் அந்தப் பெண் சிமென்ட் கலவை மெஷின்காரரின் மனைவியையும் அவளுடைய இரண்டு பிள்ளைகளையும் கூட்டிவந்தாள். அவர்களுக்குப் பின்னால் இருமிக்கொண்டே, கட்டடத்துக்குச் சாரம் கட்டும் சாரக்காரர் ஒருவர். பிறகு வீட்டு வேலை செய்யும் பெண்கள். வேலை செய்யும் வீட்டிலேயே தூங்குகிறவர்கள், அந்த முகவரியை எங்கும் கொடுக்கக் கூடாது என்று முதலாளியம்மா சொல்லியிருந்தார்களாம். பிறகு சலவை ஆலையில் ஷிப்ட் பார்க்கிறவர்கள், ஒரே கட்டிலில் முறை வைத்துத் தூங்குகிறவர்கள். நாலு மொழி, ஒரே முகவரி.

சுகாதார நிலையம் அடுத்த பரிசோதனைத் தேதியைத் தபாலில்தான் அனுப்பும். அது தானாக நடக்கும் வேலை. அக்கா நினைத்தாலும் நிறுத்த முடியாது. முதலில் இரண்டு கடிதம் வந்தது. பிறகு எட்டு. பிறகு ரப்பர் பேண்ட் போட்ட கட்டு. லாட்ஜ் ஆரம்பித்துவிட்டீர்களா என்று தபால்காரர் விசாரித்தார். டெய்லர் மூன்று நாள் புலம்பினார். நாலாம் நாள் மிச்சத் துணிகளை எடுத்து, ஒரு பெரிய திரைச்சீலை முழுக்கப் பைபையாகத் தைத்து முன்னறைச் சுவரில் மாட்டினார். பலருக்கு இந்த எழுத்து படிக்கத் தெரியாது. ஆகவே ஒவ்வொரு பைக்கும் ஒவ்வொரு துணி. கிரேன்காரர் மனைவிக்கு மஞ்சள் பூப்போட்டது, சாரக்காரருக்குக் கட்டம், சலவைக்காரர்களுக்குக் கோடு. வந்து அவரவர் துணியில் கைவிட்டு எடுத்துக்கொள்வார்கள். டெய்லர் காலண்டரில் தேதியைத் தொட்டுக் காட்டி, விரலை ஆட்டி, தவறக் கூடாது என்று மிரட்டி அனுப்புவார். யாரும் தவறவில்லை.

இப்போது ஆய்வு.

சனிக்கிழமை டாக்டரம்மா அக்காவை உள்ளே கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார். சுகாதார அலுவலகத்திலிருந்து அவருக்கும் தாள் வந்திருந்தது.

"இன்னிக்கே அந்த அம்பத்தொன்பது பேரையும் நீக்கிடு. நாளைக்கு அவர் வந்தா வீட்டுல ரெண்டே பேர். கம்ப்யூட்டர் கோளாறுன்னு முடிஞ்சிடும். பொய் முகவரி எழுதினேன்னு தெரிஞ்சா உன் வேலையே போயிடும்."

நல்லதுக்குத்தான் சொன்னார். அக்கா கவுன்ட்டருக்கு வந்து பட்டியலைத் திறந்தாள். முதல் பெயர் கிரேன்காரர் மனைவி. செவ்வாய்க்கிழமை பரிசோதனை, பிரசவம் நெருங்கிவிட்டது. பதிவு இல்லாமல் போனால், வலி எடுத்துப் போய் நிற்கிற இடத்தில் முதலிலிருந்து முகவரி கேட்பார்கள். சர்க்கரை மாத்திரைக்கு வரும் சலவை ஆலைப் பெரியவருக்கு அடுத்த மாதம் மாத்திரை நின்றுபோகும். அக்கா பெயரைத் தொட்டாள். நீக்கவா என்று கேட்டது கம்ப்யூட்டர். வேண்டாம் என்று அழுத்திவிட்டு வீட்டுக்குக் கிளம்பினாள்.

"வேலை போனாப் போகட்டும்னு சொல்ல மாட்டேன்," என்றாள் கணவரிடம். "போகக் கூடாது. ஆனா அந்தப் பேரையெல்லாம் என் கையால அழிக்க முடியலைங்க."

டெய்லர் ஊசியில் நூல் கோத்து முடித்தார்.

"நாளைக்கு அவர்கிட்ட உள்ளதைச் சொல்லிடு. உனக்குப் பொய் பேச வராது. எழுத மட்டும்தான் வரும்."

ஞாயிறு நான்கு மணிக்கு ஆய்வாளர் வந்தார். முகக்கவசம் ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு போட்டிருந்தார். கையில் கோப்பு, தோளில் அளவு டேப். மூன்று மாடி ஏறியதில் மூச்சு வாங்கியது. வழியிலேயே கீழ்வீட்டு அம்மா அவரைப் பிடித்து, எந்நேரமும் ஆட்கள் ஏறி இறங்குவதாகவும் தான் கதவைத் திறக்கவே பயப்படுவதாகவும் சொல்லி அனுப்பியிருந்தாள். உள்ளே வந்து பார்த்தார். சமையலறையை எட்டிப் பார்த்தார். குளியலறைக் கதவைத் தட்டிவிட்டுத் திறந்தார்.

"மத்தவங்க எங்கம்மா?"

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க அக்கா முயலவில்லை. இங்கே யாரும் குடியிருக்கவில்லை, எல்லாம் தான் எழுதிய முகவரிதான் என்று ஒரே மூச்சில் சொல்லி முடித்தாள்.

அவர் ஸ்டூலில் உட்கார்ந்தார். ஒரு முகக்கவசத்தைக் கழற்றினார்.

"அம்பத்தொன்பதும் பொய்யா?"

"ஆளுங்க நிஜம் சார். முகவரி மட்டும்தான் என்னோடது."

ஆய்வாளர் கெட்டவர் இல்லை, ஒழுங்கானவர். பொய்ப் பதிவு இருக்க முடியாது, திங்கட்கிழமையே எல்லாவற்றையும் நீக்கச் சொல்லி எழுதப்போகிறேன், இதற்கு மேல் இலாகா விசாரணை என்று நிதானமாகச் சொன்னார். அப்புறம் அவர்கள் எங்கே போவார்கள் என்று அக்கா கேட்டாள். அப்படிப்பட்டவர்களுக்குத் தனி ஏற்பாடு இருக்கிறது என்றார் அவர். நீலக் கன்டெய்னர்களுக்குக் குழந்தைகளுக்கான தட்டம்மை ஊசியை எடுத்துக்கொண்டு தானே மூன்று தடவை போனதாகவும், மூன்று தடவையும் பூட்டியே கிடந்ததால் அங்கே யாரும் வசிக்கவில்லை என்று குறித்துவிட்டதாகவும் சொன்னார்.

"எத்தனை மணிக்குப் போனீங்க சார்?"

"பதினொரு மணிக்கு."

"பதினொரு மணிக்குப் பூட்டித்தானே இருக்கும்? புள்ளைங்களைக்கூடத் தூக்கிட்டு எல்லாரும் எதிர்க் கட்டடத்துல வேலையா இருந்திருப்பாங்க. நீங்க கொஞ்சம் நிமிர்ந்து பார்த்திருந்தாலே தெரிஞ்சிருக்கும்."

ஆய்வாளர் பேனாவை மூடினார். திறந்தார். மறுபடி மூடினார். இந்தப் பட்டியலில் உள்ள ஒரே ஒருவரையாவது கண்ணால் பார்த்தால்தான் எதையும் நம்புவேன் என்றார். ஒரு போன் போதும் என்றார் டெய்லர். கிரேன்காரருக்கும் அவருக்கும் பொதுவாக இருபது வார்த்தை உண்டு. அதில் பத்து கால்சட்டை அளவு சம்பந்தப்பட்டது. மீதிப் பத்தில் விஷயத்தைச் சொன்னார். ஆபீசர் வந்திருக்கிறார், நீ ஒருத்தன் வந்தால் போதும் என்பதை விரலைக் காட்டியும் சொன்னார், போனில் விரல் தெரியாது என்பதை மறந்து.

கிரேன்காரருக்கு விரல் தெரிந்திருந்தாலும் கேட்டிருக்க மாட்டார். கடிதம் எடுக்க வந்தவர்கள் மூலமாக அக்காவுக்கு ஆபத்து என்ற செய்தி முன்தினமே கன்டெய்னர் வரிசை முழுக்கவும், சலவை ஆலைக்கும் வேலைக்காரப் பெண்களுக்கும் பரவி, எல்லாரும் கிரேன்காரரோடு கூடியிருந்தார்கள். ஒருவன் போனால் ஒருவனைத்தானே நம்புவார் ஆபீசர்?

இருபது நிமிடத்தில் படிக்கட்டு அதிர்ந்தது. முதலில் கிரேன்காரரும் மனைவியும். வீட்டில் இருந்த ஒரே நாற்காலி அவளுக்குப் போயிற்று. அடுத்துக் கலவை மெஷின்காரர் குடும்பம். சாரக்காரர்கள் ஏழு பேர். சலவை ஆலை ஆட்கள் தூக்கக் கண்ணோடு வந்தார்கள். வேலைக்காரப் பெண்கள் ஞாயிற்றுக்கிழமைப் புடவையில் வந்தார்கள். இடுப்பிலும் தோளிலும் பிள்ளைகள். முன்னறை நிறைந்து, படுக்கையறை நிறைந்து, சமையலறையில் நாலு பேர் திரும்பாமல் நின்றார்கள். எள் போட்டால் எள் விழாது. ஆய்வாளர் இரண்டு தையல் மெஷின்களுக்கு நடுவே மாட்டிக்கொண்டார்.

எல்லாரும் தங்கள் கடிதத்தை அவர் மூக்குக்கு நேரே நீட்டினார்கள். அவர் வேறு வழியில்லாமல் பட்டியலில் ஒவ்வொரு பெயராக டிக் போட ஆரம்பித்தார். பத்து டிக்குக்குப் பிறகு வந்த ஒவ்வொரு தடவைக்கும் சுகாதார நிலையம் கடிதத்தில் குத்திய முத்திரைகளைக் கவனித்தார். ஒரு தேதிகூட விடுபடவில்லை. அவருடைய வட்டாரம் முழுக்க, சொன்ன தேதியில் வருகிறவர்கள் பாதிக்குப் பாதிதான். அதற்காக மேலதிகாரியிடம் மாதாமாதம் வாங்கிக் கட்டிக்கொள்கிறவர் அவர்.

"இவங்க மட்டும் எப்படி?"

"என் வீட்டுக்காரர் திட்டுவாரு சார்," என்றாள் அக்கா.

வேலைக்காரப் பெண்களில் ஒருத்திக்கு இந்த ஊர் மொழியோடு இன்னும் மூன்று மொழி தெரியும். யாரோ பின்னாலிருந்து எதையோ கேட்க, பலர் ஆமாம் என்று தலையாட்டினார்கள். என்ன கேட்கிறார்கள் என்றார் ஆய்வாளர்.

"புள்ளைங்களுக்கு ஊசி போட யாரோ வருவாங்கன்னு சொன்னாங்களாம். ஆறு மாசமா காத்துக்கிட்டிருக்காங்க. உங்களுக்கு அவரைத் தெரியுமான்னு கேக்கறாங்க."

ஆய்வாளர் இரண்டாவது முகக்கவசத்தையும் கழற்றினார். அந்த மனிதர் தான்தான் என்று சொல்வதற்கு அவருக்குக் கொஞ்சம் நேரமானது. அவள் அதை மூன்று மொழியிலும் சொன்னாள். மூன்று தடவை சிரித்தார்கள். அவரும் மூன்றாவது தடவை சேர்ந்துகொண்டார்.

பிள்ளைகளை எண்ணினார். பதினேழு. அங்கே நின்றபடியே அலுவலகத்தில் ஞாயிறு டியூட்டி பார்ப்பவர்களுக்குப் போன் போட்டு, நாளை மாலை ஆறு மணிக்கு நர்ஸும் மருந்துப் பெட்டியும் கன்டெய்னர் வரிசைக்கு வர வேண்டும் என்றார். காலையில் போகலாமே என்று அந்தப் பக்கம் யாரோ சொல்லியிருக்க வேண்டும். "பதினொரு மணிக்குப் பூட்டித்தான் இருக்கும்" என்று ரொம்ப நாளாகத் தெரிந்தவர்போல அதட்டினார்.

அறிக்கையை வெட்டு மேசையில் வைத்தே எழுதினார். ஆய்வின்போது வீட்டில் ஐம்பத்தெட்டு பேர் இருந்தனர். அனைவரின் பெயரும் பட்டியலில் உள்ளது. மூவர் வேலையில் இருந்ததாகத் தெரிகிறது. பெயர்களை நீக்கத் தேவையில்லை. நிலையான முகவரி இல்லாதவர்களைச் சுகாதார நிலையத்தின் முகவரியிலேயே பதிந்து, கடிதங்களை அங்கேயே கொடுக்கலாம்.

"உங்களுக்கு மெமோ வரும்மா," என்றார் அக்காவிடம். "அதை என்னால தடுக்க முடியாது. வேலைக்கு ஒண்ணும் ஆகாது, நான் எழுதிட்டேன். ஏழு நாளுக்குள்ள விளக்கம் குடுத்துடுங்க. அதுல உங்க முகவரியை நீங்களே எழுதிக்கலாம்."

போகிறேன் என்று எழுந்தார், போக முடியவில்லை. படிக்கட்டுவரை ஆட்கள். எல்லாரும் இறங்கி முடிய கால் மணி நேரம் ஆனது.

மெமோ செவ்வாய்க்கிழமை காலையே வந்துவிட்டது. அக்கா அதை மேசை இழுப்பறையில் போட்டுவிட்டுக் கவுன்ட்டர் ஜன்னலைத் திறந்தாள். வரிசையில் ஐந்தாவதாகக் கிரேன்காரர் மனைவி, ஒரு கையால் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவள் முறை வந்ததும் அக்கா பெயரைத் தட்டினாள்.

பெயர் இருந்தது.

"உள்ள போம்மா, டாக்டரம்மா காத்துக்கிட்டிருக்காங்க," என்று சொல்லிவிட்டு, அடுத்தவரைப் பார்த்தாள்.