ஆட்டுத்தலைத் தட்டு

கிர்கிஸ்தானின் தலாஸ் ஊரில் அந்தப் பருவத்தின் கடைசிக் கால்பந்து ஆட்டம் நவம்பர் மாதத்து ஞாயிறு மதியம் முடிந்தது. ஒரே ஒரு கோலில் வெற்றி. மற்றவர்கள் கிளம்பிய பிறகும் செலோர்ம் உடை மாற்றும் அறையில் உட்கார்ந்து முழங்கால் கட்டைப் பிரித்துக்கொண்டிருந்தான். பிரிக்கப் பிரிக்க முட்டி வீங்கியது.

எழுபதாவது நிமிடத்தில் எதிரணிப் பையன் ஒருவன் பந்தை வலப்பக்கம் தட்டிவிட்டு ஓடினான். செலோர்ம் பனியில் சறுக்கிப் போய் பந்தை வெளியே தள்ளினான். சுத்தமான தடுப்பு. ஆனால் எழுந்து நிற்க மூன்று முறை முயல வேண்டியிருந்தது. கூட்டம் கைதட்டியது. கிளப் தலைவர் ஜுமகாதிர் மட்டும் கைகளைக் கோட்டுப் பைக்குள் வைத்தபடி பார்த்துக்கொண்டிருந்தார்.

ஒப்பந்தம் அந்த மாதத்தோடு முடிகிறது. அது போனால் கிர்கிஸ்தானில் தங்கும் அனுமதியும் போய்விடும். முப்பத்தாறு வயதுத் தடுப்பாட்டக்காரனை வேறு கிளப் எடுக்காது. இன்னும் ஒரு வருடம் மட்டும் வேண்டும் என்று போன மாதமே கேட்டிருந்தான். கடைசி ஆட்டம் முடியட்டும், வீட்டில் உட்கார்ந்து பேசலாம் என்று சொல்லியிருந்தார் ஜுமகாதிர்.

மாஸ்கோ என்று சொல்லித்தான் தரகன் அவனைக் கானாவிலிருந்து கூட்டிவந்தான். விமானம் இறங்கிய ஊர் பிஷ்கேக். அங்கே ஒரு குளிர்காலம் உட்காரவைக்கப்பட்டு, பிறகு பேருந்தில் மலை தாண்டி தலாஸ் வந்தான். பதினொரு வருடம். ஐந்து பயிற்சியாளர்கள் மாறினார்கள். ஊர் அவன் பெயரைச் சுருக்கி சேகே என்றது. இங்கே பெரியவர்களைத்தான் அப்படிச் சுருக்கிக் கூப்பிடுவார்கள். ஆனால் அறைச் சுவரில் ஒட்ட அவனிடம் ஒரு பத்திரிகைப் படம்கூட இல்லை. தன் அணி கோல் போடும்போது மைதானத்தின் மறுகோடியில் நிற்பான். எதிரணி போடும்போது தரையில் கிடப்பான். இரண்டையும் யாரும் வெட்டி எடுத்து வைப்பதில்லை.

கோல்காப்பாளன் தலாய் காரில் கூட்டிப்போனான். ஊரைச் சுற்றிய பீன்ஸ் வயல்களைத் தாண்டும் வழியெல்லாம் அவன் வாய் ஓயவில்லை.

"சேகே, முட்டிக்குள்ள யாரு பீன்ஸ் மூட்டைய இறக்கிவச்சது? அறுவடைதான் முடிஞ்சுபோச்சே."

செலோர்ம் சிரித்தான். தலாய் சிரித்தானே தவிர அவன் முகத்தைப் பார்க்கவில்லை.

ஜுமகாதிர் வீட்டில் ஆடு வெந்துகொண்டிருந்தது. முதல் வருடம் செலோர்ம் இங்கே விருந்தாளி. கதவுக்கு நேர் எதிரே, மேல் இடத்தில் மெத்தை போட்டு உட்காரவைத்தார்கள். கை கழுவத் தண்ணீர் ஊற்றினார்கள். ஏழாவது வருடம் இறைச்சி நறுக்க ஆள் போதாமல், ஜுமகாதிரின் மனைவி அவன் கையில் ஒரு கத்தியைக் கொடுத்தாள். அன்றிலிருந்து வருடாவருடம் கதவோரம் வீட்டு ஆண்களோடு உட்கார்ந்து அவனும் நறுக்கினான். வெந்த இறைச்சியை நூல் நூலாக நறுக்கி மாவுப் பட்டைகளின் மேல் கொட்ட வேண்டும். அவன் நறுக்குவது தடிமன் என்று எல்லோரும் கேலி செய்வார்கள். அந்தக் கேலிக்காகவே அவன் வருடம் முழுக்கக் காத்திருப்பான்.

இன்றும் சட்டைக் கையை மடித்துக்கொண்டு கதவோரம் போனான்.

"இங்க எதுக்கு? மேல போய் உக்காருங்க, சேகே," என்றான் தலாய். கத்திகளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டான்.

மேல் இடத்தில் மெத்தை போட்டிருந்தது. முதுகுக்குத் தலையணையும் வைத்திருந்தார்கள். செலோர்ம் காலை நீட்டி உட்கார்ந்தான். அடிப்பவனின் இடுப்பைப் பார்த்தே பந்து எங்கே போகும் என்று சொல்லிவிடுவான் அவன். ஜுமகாதிர் சமையலறையிலிருந்து இரண்டு கையாலும் தட்டை ஏந்தி வரும்போதே தெரிந்துவிட்டது.

தட்டில் ஆட்டுத்தலை. வந்திருப்பவர்களில் மிக உயர்ந்த விருந்தாளிக்குத்தான் அதை வைப்பார்கள். ஜுமகாதிர் அதை அவன் முன்னால் வைத்தார். எல்லோரும் முணுமுணுத்து வாழ்த்தினார்கள்.

"முடிஞ்சுதா, அண்ணே?" என்று கேட்டான் செலோர்ம்.

ஜுமகாதிர் பக்கத்தில் உட்கார்ந்தார். கிளப்பில் எல்லோரும் கூடி முடிவெடுத்துவிட்டார்கள் என்றார். ஓஷ் நகரத்துப் பையன் ஒருவனை எடுத்திருக்கிறார்களாம். இன்று செலோர்ம் எழுந்திருக்கப் பட்ட பாட்டைத் தன்னால் பார்க்க முடியவில்லை என்றார்.

"பதினோரு வருஷம் எங்களுக்காக விழுந்து எழுந்திருக்கே. இந்த மரியாதையாவது செய்யணும்ல."

"வீட்டு ஆளுக்கு யாரும் தலை வைக்க மாட்டாங்களே, அண்ணே."

ஜுமகாதிருக்கு உண்மையிலேயே புரியவில்லை. தட்டைப் பார்த்தார், அவனைப் பார்த்தார்.

"இதுக்கு மேல குடுக்க எங்ககிட்ட வேற என்னப்பா இருக்கு?"

செலோர்ம் முறைப்படி ஒரு காதை அறுத்து, எதிரே நின்ற அவர் பேத்தியிடம் கொடுத்தான். பிறகு தட்டைத் தூக்கி, பக்கத்திலிருந்த வயதான கிளப் மருத்துவர் முன்னால் வைத்தான். விருந்தாளி அப்படிக் கை மாற்றலாம், தவறில்லை. சுவரைப் பிடித்து எழுந்து, கதவோரம் போய், தலாயிடம் கையை நீட்டினான். தலாய் ஜுமகாதிரைப் பார்த்தான். அவர் தலையைக் குனிந்துகொண்டார். தலாய் கத்தியைக் கொடுத்தான்.

அவன் நறுக்கினான். பேச்சு மெல்ல வேறு பக்கம் திரும்பியது. அவன் நறுக்கியது இன்றும் தடிமன்தான். யாரும் கேலி செய்யவில்லை.

சாப்பாடு முடிந்ததும் செப்புக் கூஜாவையும் துண்டையும் அவனே எடுத்துக்கொண்டான். விருந்தாளிகளுக்கு வீட்டு ஆள்தான் தண்ணீர் ஊற்றுவது. மருத்துவரில் தொடங்கி ஒவ்வொருவராக நொண்டிப் போய் ஊற்றினான். ஜுமகாதிர் கையை நீட்ட ஒரு கணம் தயங்கினார், பிறகு நீட்டினார். கடைசியாக ஊற்றியவனுக்கு வீட்டில் இன்னொருவர் ஊற்றுவது வழக்கம். அதற்குள் எல்லோரும் முற்றத்துக்குப் போய்விட்டார்கள். அவனைக் கொண்டுவிடத் தலாய் காரைச் சூடேற்றும் சத்தம் கேட்டது.

செலோர்ம் கூஜாவை இடது முழங்கைக்கும் விலாவுக்கும் நடுவில் இடுக்கி, உடம்பைச் சாய்த்தான். தண்ணீர் கொஞ்சம் கையிலும் மீதி காலிலும் விழுந்தது. கையிலிருந்த கொழுப்பு போகவில்லை. அவன் மறுபடி சாய்த்தான்.