தொண்ணூற்றேழாம் வாய்ப்பாடு

எழுபதாயிரம் கலிமாவும் ஓதி முடிந்தது என்று நாச்சியா பள்ளி லெப்பைக்குச் சொல்லியனுப்பி ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. இறந்துபோன புருஷன் சரீபின் நாற்பதாம் நாள் கத்தம் நாளைக் காலையில். முப்பத்தெட்டு நாளாக வாசல் தாண்டாமல் இத்தாவில் இருந்தபடி அவருடைய நூறு மணித் தஸ்பீஹை உருட்டி, சுற்றுக்கொரு புளியங்கொட்டையாகச் சட்டியில் போட்டு, எழுநூறு கொட்டை சேர்த்திருந்தாள். சாய்ந்தமருது ஊரில் பாதிப்பேர் அவளுக்குச் சொந்தம். பங்கு போட்டு ஓத ஆளுக்கா பஞ்சம்? இவள்தான் ஒருவரையும் விடவில்லை. அப்படி ஒரு பிடிவாதம்.

துடைத்து வைக்கத் தஸ்பீஹை வாங்கிய மகள் றுஸ்னா, சும்மா இருக்காமல் மணிகளை எண்ணித் தொலைத்தாள்.

“உம்மா, இதில தொண்ணூற்றேழுதான் இரிக்கி.”

“வடிவா எண்ணிப் பாரு புள்ள.”

“மூணு தரம் எண்ணிட்டன்.”

நாச்சியாவுக்கு, மறந்துவிட்டேன் என்று சொல்ல வாய் வரவில்லை. வேண்டுமென்றே மறந்து வைத்திருந்த விஷயம் அது. சமையல் காஸுக்கு ஊரே வரிசை கட்டிய வருஷம், விடியச் சுபஹு தொழுதுவிட்டு எழும்பாமல் இருந்த மனிதரிடம், “வரிசை றோட்டு மட்டும் நீண்டு போயிட்டு, நீங்க இன்னும் மணி உருட்டுறீங்க” என்று கத்தி, இதே தஸ்பீஹைப் பிடித்து இழுத்தவள் அவள். நூல் அறுந்து வீடெல்லாம் மணி. சரீப் குனிந்து பொறுக்கினார், கோத்தார், சிலிண்டரைத் தூக்கிக்கொண்டு போனார். மூன்று மணி கிடைக்கவில்லை என்பது அன்றே அவளுக்குத் தெரியும். அவர் கேட்கவில்லை, இவளும் சொல்லவில்லை.

றுஸ்னா போனில் கணக்குப் பார்த்தாள்.

“சுத்துக்கு மூணு. எழுநூறு சுத்துக்கு ரெண்டாயிரத்து நூறு குறையிது. நானும் ஹாஜறா சாச்சியும் ஓதிடுறம், நீங்க படுங்க உம்மா.”

“வேணாம். நான் விட்ட குறை, நானே ஓதுறன்.”

“அப்ப என்ட கவுண்டரையாவது எடுங்க. அமத்தினா அதுவே எண்ணும்.”

“இதில தொடங்கினன். இதிலயே முடிக்கிறன்.”

கொட்டையையும் இனி நம்ப மனம் வரவில்லை. நூறென்று நம்பிப் போட்ட கொட்டைதானே ஆளைக் கவிழ்த்தது. ஒவ்வொரு சுற்று முடிவிலும் மொத்தத்தை வாயால் சொல்லிவிட்டுத்தான் அடுத்ததைத் தொடங்குவது என்று முடிவெடுத்தாள். ஐந்தாம் வகுப்போடு நின்றவளுக்குப் பன்னிரண்டாம் வாய்ப்பாடே தடுமாறும். இதுவோ தொண்ணூற்றேழு.

“நூறைக் கூட்டுங்க, மூணைக் கழிங்க. அவ்வளவுதான்” என்று மகள் வழி சொன்னாள்.

அவ்வளவுதானாம். தொண்ணூற்றேழு. நூற்றுத் தொண்ணூற்று நாலு. இருநூற்றுத் தொண்ணூற்றொன்று. முந்நூற்று எண்பத்தெட்டு. அதற்கடுத்து நானூற்றுத் தொண்ணூற்றைந்து என்றாள். பத்து கூடிவிட்டது என்று றுஸ்னா திரும்ப முதலிலிருந்து சொல்ல வைத்தாள். பின்னேரம் அசர் பாங்கு சொல்லும்வரை இதே பாடுதான். தலை கனத்தது.

அசர் தொழுதுவிட்டு ஓத உட்கார்ந்தாள். பதினோராம் சுற்றில் ஆயிரத்து அறுபத்தேழா, எழுபத்தேழா என்று சந்தேகம் வந்தது. எதற்கும் இருக்கட்டும் என்று அந்தச் சுற்றைத் திரும்பவும் ஓதினாள். தொண்டை வறண்டு, இடுப்பு விட்டுப்போயிற்று. நூறைக் கூட்டுவது லேசு. மூன்றைக் கழிக்கும்போதெல்லாம் நூல் அறுந்த அந்தக் காலைநேரம் கண்முன்னே வந்து நின்றது. மய்யித்தைத் தூக்கிய அன்றுகூட அவள் இப்படி அழவில்லை.

இரண்டாயிரத்து முப்பத்தேழு. இனி அறுபத்து மூன்று. றுஸ்னா பக்கத்தில் வந்து உட்கார்ந்து, கூடவே எண்ணினாள்.

“அறுபத்து மூணு. முடிஞ்சிட்டு உம்மா. விடுங்க.”

நாச்சியாவின் கை நிற்கவில்லை. தொண்ணூற்றேழாவது மணிவரை உருட்டினாள். மணி முடிந்த பிறகு, மூன்று விரலை ஒவ்வொன்றாக மடித்து இன்னும் மூன்று கலிமா ஓதினாள்.

றுஸ்னா அந்த விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“வாப்பாவும் இப்பிடித்தான். சுத்து முடிய மூணு விரல மடிப்பாரு. என்னத்துக்கு வாப்பா எண்டு கேட்டா, ‘இது உங்கும்மாட பங்கு’ எண்டு செல்லுவாரு. எனக்கு அப்ப விளங்கல்ல.”

பொழுது பட்டு மஹ்ரிபுக்குப் பாங்கு கேட்டது. நாச்சியா எழும்பவில்லை. தஸ்பீஹை மகளின் கையில் வைத்து, அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“இத அறுத்தது நான்தான் புள்ள” என்றாள்.