லேட் முத்தம்மா

தாடையைக் கட்டுவதற்காக ஷீலா வெள்ளைத் துணியைக் கிழிக்கப் போனாள். பக்கத்து வீட்டு ஹாஜிரா பீ அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"கட்டாத கண்ணு. அந்த ஆபீசர் வந்துட்டுப் போவட்டும்."

"வாய் தொறந்துக்கினே கீது பாயம்மா."

"தெரியுது. ஒம் புருசன் மப்ளர் இருக்குல்ல? தலையோட சேத்து அதக் கட்டிவுடு. குளுரு ஜுரம்னு சொல்லிக்கலாம்."

வெளியே காலையிலேயே வெயில் மண்டையைப் பிளந்தது. அந்த வெயிலில் மப்ளர். ஆனாலும் ஹாஜிரா பீ சொன்னால் அந்தச் சந்தில் மறுபேச்சு கிடையாது. செம்பியன் ஆட்டோ ஓட்டும்போது போட்டுக்கொள்ளும் பழுப்பு மப்ளரை எடுத்து, அம்மாவின் மோவாய்க்குக் கீழே கொடுத்து, உச்சந்தலையில் முடிச்சுப் போட்டாள் ஷீலா. வாய் மூடிக்கொண்டது. அம்மா யாரிடமோ கோபித்துக்கொண்டு படுத்திருப்பதுபோல் இருந்தது.

முத்தம்மா போனது விடிகாலையில். ஒரு வாய் டீ கொடுடி என்று கேட்டாள். ஷீலா டீயை ஆற்றிக்கொண்டு திரும்புவதற்குள் காரியம் முடிந்துவிட்டது. அந்த டம்ளர் இன்னும் அலமாரியில் ஆடை படிந்து நிற்கிறது. அதை எடுத்துக் கொட்ட ஷீலாவுக்கு மனசு வரவில்லை. ஓவென்று கத்தத்தான் வாயைத் திறந்தாள். சத்தம் கேட்டு ஓடிவந்த ஹாஜிரா பீதான் அவள் வாயைப் பொத்தினாள். "அழுதியானா சந்து பூரா கூடிரும். அப்புறம் வூடு போச்சு."

வீடு என்றால் வீடுதான். கோட்டூர்புரத்தில், அடையாற்றுக் கரையில், ஒரே அறையும் தகரக் கூரையும். இந்தக் கரையை மொத்தமாக இடிக்கப்போகிறார்கள். பட்டியலில் பேர் இருக்கிற வீட்டுக்கு மாற்று வீடு உண்டு. பேர் இல்லாதவர்கள் சாமானைத் தலையில் வைத்துக்கொண்டு எங்கே வேண்டுமானாலும் போகலாம். முத்தம்மா பேர் பட்டியலில் இல்லை. ஏனென்றால் அவள் செத்துப் பத்து வருஷம் ஆகிறது, காகிதத்தில்.

அந்தக் கூத்து ஒரு டைப்பிங் கடையில் நடந்தது. புருஷன் செத்தபிறகு வீட்டைத் தன் பேருக்கு மாற்றச் சொல்லி மனு அடிக்கப் போனாள் முத்தம்மா. 'முத்தம்மா, கணவர் லேட் சேட்டு' என்று அடிக்கவேண்டியதை அந்தப் புண்ணியவான் 'லேட் முத்தம்மா, கணவர் சேட்டு' என்று அடித்துக் கொடுத்தான். எழுதப் படிக்கத் தெரியாதவள், தன் சாவுக்குக் கீழே தானே கைநாட்டு வைத்து நேரில் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தாள். கணக்கெடுத்தவர்கள் அதைப் பார்த்துத்தான் எழுதினார்கள். சேட்டு உயிரோடு இருக்கிறார், ஆனால் நேரில் இல்லை. முத்தம்மா நேரில் இருக்கிறாள், ஆனால் செத்துவிட்டாள்.

"செத்த மனுசன எழுப்பிட்டானுங்க. அந்தாளுக்கு ஆக்கிப் போடறதுக்காச்சும் என்னை வுட்டு வெச்சிருக்கக் கூடாதா?" என்று பைப்படியில் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள்.

சிரித்தாளே தவிர விடவில்லை. கலெக்டருக்குப் போட்டாள், மந்திரிக்குப் போட்டாள், கடைசியில் கவர்னருக்கே போட்டாள். பாத்திரம் தேய்க்கிற வீடுகளில் யாராவது எழுதிக் கொடுப்பார்கள். முதல் வரி மட்டும் அவள் சொல்கிறபடிதான் இருக்கவேண்டும்: 'ஐயா, நான் உயிரோடுதான் இருக்கிறேன்.' மனு உரிய துறைக்கு அனுப்பப்பட்டது என்று ஒவ்வொரு தடவையும் பதில் வரும். அதை ஷீலா படித்துக் காட்டினால் ஒரே குஷி. "செத்தவளுக்கு எவனாச்சும் பதில் போடுவானா? அப்ப நான் கீறேன்னு ஒத்துக்கினானுங்க."

கவர்னருக்குப் போட்ட மனு எங்கெங்கோ சுற்றி, போன வாரம் ஒரு கடிதமாக வந்தது. மனுதாரர் உயிருடன் உள்ளாரா என்று வீட்டுக்கே வந்து நேரில் பார்ப்பார்களாம். இன்றைக்கு.

நேற்று ராத்திரி ஷீலாவைக் கூப்பிட்டுச் சொன்னாள்: "அந்தப் பச்சைப் பொடவைய எடுத்து வெய்யிடி. செத்தவ மாரி போயி அவன் முன்னாடி நிக்கக் கூடாது."

இப்போது அந்தப் பச்சைப் புடவையைத்தான் கட்டியிருந்தாள். ஷீலாவும் ஹாஜிரா பீயும் கட்டிவிட்டிருந்தார்கள். ஷீலாவுக்கு அழுகையைவிட ஆத்திரம்தான் முட்டிக்கொண்டு வந்தது. பத்து வருஷம் இருக்கேன் இருக்கேன் என்று ஊரெல்லாம் கத்தினாயே, இன்னும் ஒரு பொழுது இருந்து தொலைக்கக் கூடாதா?

செம்பியன் சந்து முனையைப் பார்த்துவிட்டு வந்தான். "நாலு வூடு தள்ளி கீறான். மனு போட்ட வூடா பாத்து வந்துக்கினு கீறான்."

"எனக்குப் பயமா கீதுயா. பேசாம உண்மையச் சொல்லிடலாமா? இன்னிக்குத்தான் போச்சுன்னு?"

"எவன் நம்புவான்? அவன் பேப்பர்ல அத்தை எப்பவோ செத்தாச்சு. நாங்க எழுதுனது கரீக்டுதான்னு மூடி வெச்சுட்டுப் போயிருவான். ஒரு தபா கண்ணால பாத்தேன்னு எழுதிட்டானா, அப்புறம் வாரிசுன்னு நீ கேக்கலாம்."

"தொட்டுப் பாத்தான்னா?"

செம்பியன் அத்தையின் காலைப் பார்த்தான். இரண்டு கட்டைவிரலும் விலகிக் கிடந்தன. குனிந்து போர்வையை இழுத்து மூடிவிட்டு விறுவிறுவென்று வாசலுக்குப் போனான்.

"யோவ்," என்றாள் ஷீலா. "பேசாம போற. வரேன்னு சொல்லிட்டுப் போ."

"தோ வாசலுக்குத்தான…"

"வரேன்னு சொல்லு. இது இன்னும் சாவு வூடு இல்ல."

அவன் நிலைப்படியில் நின்றான். "வரேன்," என்றான்.

அதற்குப் பிறகு எல்லாம் காதில்தான் நடந்தது. தகரச் சுவர்தானே, எல்லாம் கேட்டது. மூன்றாவது வீட்டில் ஆபீசர் ஏதோ கேட்டார். "சரி, வரேங்க" என்றார். இரண்டாவது வீட்டில் தண்ணீர் வாங்கிக் குடித்தார். "வரேம்மா." நல்ல பழக்கமுள்ள மனுஷன் போல, ஒரு வீட்டுக்கும் சொல்லாமல் கிளம்பவில்லை. ஷீலா ஃபேனைப் போட்டாள். ஹாஜிரா பீ தலைமாட்டில் உட்கார்ந்து விசிறியும் எடுத்துக்கொண்டாள். ஒரு ஈ, விரட்ட விரட்ட அம்மாவின் மூக்கிலேயே வந்து உட்கார்ந்தது.

வாசலில் நிழல் விழுந்தது. ஆபீசருக்கு ஐம்பது வயது இருக்கும். கழுத்து அட்டையில் பிரகாசம் என்று போட்டிருந்தது. செருப்பை வெளியே விட்டுவிட்டுக் குனிந்து உள்ளே வந்தார்.

"முத்தம்மாங்கிறது?"

"எங்கம்மா சார். தோ."

"என்ன உடம்புக்கு?"

"ஜுரம் சார். குளுரு."

அவர் மப்ளரைப் பார்த்தார். ஓடுகிற ஃபேனைப் பார்த்தார். ஹாஜிரா பீயின் கையில் இருந்த விசிறியையும் பார்த்தார். குளிர் ஜுரக்காரிக்கு இரண்டு காற்று. ஷீலாவுக்கு அப்போதுதான் உறைத்தது.

"பேசுவாங்களா?"

"ராத்திரி பேசிச்சு சார். நீங்க வருவீங்கன்னு பொடவ எடுத்து வெக்கச் சொல்லிச்சு." அதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை.

"ரேகை வைக்கணுமே," என்று பையிலிருந்து அந்தச் சின்ன மெஷினை எடுத்தார்.

"ரேகை உழாது சார். பாத்திரம் தேச்ச கை. ரேஷன் கடையிலயே உழாது."

"பார்க்கிறேன்."

தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். போர்வைக்குள்ளிருந்து கையை அவரே எடுத்தார். எடுத்த கையை மெஷின் பக்கம் கொண்டுபோகவில்லை. தன் உள்ளங்கையில் அப்படியே வைத்துக்கொண்டிருந்தார். ஈ மறுபடி வந்து மூக்கில் உட்கார்ந்தது. யாரும் விரட்டவில்லை. ஹாஜிரா பீயின் உதடு மட்டும் ஏதோ ஓதிக்கொண்டிருந்தது. வாசலில் செம்பியன் சுவரைப் பிடித்தபடி நின்றான். இதோ கேட்கப்போகிறார், இதோ போலீஸ் என்று சொல்லப்போகிறார் என்று ஷீலா காத்திருந்தாள். அவர் கேட்டால் அடுத்த நொடி எல்லாவற்றையும் கொட்டிவிடுவாள். கேட்டுத் தொலைத்தால்கூட நிம்மதி.

அவர் கேட்கவில்லை. மெஷினில் அந்தக் கட்டைவிரலை ஒருமுறை வைத்து எடுத்தார். சிவப்பு விளக்கு எரிந்தது.

"ஆமா, விழலை," என்றார்.

கையைத் திரும்பப் போர்வைக்குள் விடாமல் நெஞ்சின்மேல் வைத்தார். மற்றக் கையையும் எடுத்து அதன்மேல் சேர்த்து வைத்தார். பிறகு ஃபைலை மடியில் போட்டுக்கொண்டு எழுதினார். எழுதிய பேனா நின்றதும் ஷீலாவிடம் காட்டினார். 'மனுதாரரை அவரது இல்லத்தில் நேரில் பார்த்தேன்.'

"பேருக்கு முன்னாடி ஒரு லேட் இருந்தது," என்றார். "அதை அடிச்சிட்டேன்மா. கையெழுத்து போட்டிருக்கேன். இனிமே யாரும் கேக்க மாட்டாங்க."

ஷீலா தலையை ஆட்டினாள். இந்த வார்த்தையைக் கேட்கத்தான் அம்மா பத்து வருஷம் படியேறினாள். அதைக் காதில் வாங்கிக்கொள்ள அவளுக்குக் கொடுத்து வைக்கவில்லை.

பிரகாசம் எழுந்தார். ஃபைலைப் பையில் வைத்தார். முத்தம்மாவின் காலடிப் பக்கமாக ஒரு நிமிஷம் நின்றார். பிறகு யார் முகத்தையும் பார்க்காமல், ஒரு வார்த்தையும் பேசாமல், குனிந்து வெளியே போய்ச் செருப்பை மாட்டிக்கொண்டார்.

அடுத்தது பங்கஜம் வீடு. அவர் கதவைத் தட்டியது கேட்டது. காகிதம் புரளும் சத்தம், பங்கஜம் ஏதோ புலம்புவது, அவர் சமாதானம் சொல்வது எல்லாம் கேட்டது.

"சரி, வரேம்மா," என்றார் அங்கே.

ஷீலா எழுந்து ஃபேனை நிறுத்தினாள். மப்ளர் முடிச்சை அவிழ்த்துவிட்டு, வெள்ளைத் துணியை எடுத்துக் கிழித்தாள்.