சலித்த சாம்பல்

பவுனம்மாளின் சாம்பலுக்கு அந்த ரப்பர் தோட்டத்தைத் தாண்டி டெங்கில் ஊர் வரைக்கும் பெயர் இருந்தது. பிள்ளை பிறந்ததும் தொப்புள்கொடியை அறுத்த இடத்தில் சாணிச் சாம்பல் வைப்பது தோட்டத்து மருத்துவச்சிகள் எல்லாரும் செய்கிற வேலைதான். மற்றவர்கள் அடுப்பிலிருந்து அள்ளி அப்பிவிடுவார்கள். பவுனம்மாள் அப்படிப்பட்டவள் இல்லை. கன்று போட்ட பசுவின் சாணியை மட்டும் எடுத்து, வரட்டி தட்டி, காயவைத்து எரித்து, மாட்டுக் கொட்டகை நிழலில் உட்கார்ந்து மல் துணியில் மூன்று முறை சலிப்பாள். முகத்துக்குப் பூசுகிற பவுடர்கூட அவ்வளவு நைசாக இருக்காது. பக்கத்துத் தோட்டங்களிலிருந்து ஆள் அனுப்பி வாங்கிப் போவார்கள்.

அவளுக்கு அதில் கொஞ்சம் கர்வமும் உண்டு. பதினெட்டு வருஷம் பிள்ளை பிடித்தவளுக்கு அதுகூட இருக்கக் கூடாதா?

1935-ல் அரசாங்கத்துக்குத் திடீரென்று ஞானம் பிறந்தது. இனிமேல் பயிற்சி பெற்றுப் பெயர் பதிந்தவள்தான் பிரசவம் பார்க்க வேண்டும் என்று உத்தரவு வந்தது. அரசாங்கத்துக்கு ஞானம் பிறந்தால் மூன்றே மாதத்தில் ஊரும் ஞானியாகிவிட வேண்டும், அதுதான் வழக்கம். தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கொடுத்துக் காயம் கட்டுகிற டிரஸர் சபாபதி அவளைக் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னார்.

"கோலாலம்பூர்ல, பிரிக்பீல்ட்ஸ்ல வகுப்பு. மூணு மாசம். சாப்பாடு தங்கல் எல்லாம் அங்கேயே. எழுதத் தெரிய வேண்டாம், வாயாலதான் பரீட்சை."

"எனக்கே பாடமா டிரஸரய்யா? இந்தத் தோட்டத்துல பாதிப் பேரு என் கையில விழுந்ததுங்கதானே."

"போகலைன்னா இனிமே ஒண்ணுகூட உன் கையில விழாது."

பவுனம்மாள் துணிமூட்டையைக் கட்டினாள்.

வகுப்பில் எட்டுப் பெண்கள். எல்லாரிலும் மூத்தவள் இவள், நாற்பத்திரண்டு வயது. பாடம் நடத்தியது சீதாலெட்சுமி என்ற நர்ஸ். ரயில்வேயில் கணக்கெழுதும் கிராணியின் மகள், இருபத்தைந்தைத் தாண்டாதவள், கல்யாணமும் ஆகவில்லை. எல்லாரும் அவளை மிஸ்ஸி என்றார்கள். 'பெத்தும் பார்க்காத பொண்ணு எனக்குச் சொல்லித் தருதாம்' என்று பவுனம்மாள் முதல் வாரம் முழுக்க மனசுக்குள் பொருமினாள். நகத்தை ஒட்ட வெட்டச் சொன்னபோது பொருமினாள். கடிகாரத்தைப் பார்த்து மூன்று நிமிஷம் கை தேய்க்கச் சொன்னபோது இன்னும் பொருமினாள். ஆனாலும் தேய்த்தாள்.

மூன்றாவது வாரம் தொப்புள்கொடிப் பாடம் வந்தது.

"கொடியில மருந்துத் துணி மட்டும்தான் கட்டணும். மஞ்சள் வேண்டாம், எண்ணெய் வேண்டாம். சாம்பல் வைக்கவே கூடாது," என்றாள் மிஸ்ஸி. "எட்டாம் நாள் தாடை கட்டி, உடம்பு விறைச்சு இழுப்பு வந்து பிள்ளைங்க சாகுதே, அது அந்தச் சாம்பல்ல இருந்துதான் வருது."

மற்ற பெண்கள் பவுனம்மாளைப் பார்த்தார்கள். இரண்டு பேர் அவளிடம் சாம்பல் வாங்கியவர்கள்.

"நான் மூணு தடவை சலிப்பேன் மிஸ்ஸி."

"சலிச்சா கல்லு போகும். கிருமி போகாது, பவுனம்மா."

"பசு மாடு சாமிங்க. சாமிகிட்ட இருந்து வர்றதுல கிருமியா?"

யாரோ சிரித்தார்கள். மிஸ்ஸி சிரிக்கவில்லை. "சாமியைக் குத்தம் சொல்லலை. அந்தக் கிருமி சாணியிலயும் கொட்டகைப் புழுதியிலயும் இருக்கும். லேசுல சாகாது. எரிச்ச சாம்பலைக் கொட்டகையில வச்சுச் சலிச்சா மறுபடி அதுல வந்து ஒட்டிக்கும். ஆறாத கொடி வழியா உள்ளே போகும்."

"அப்ப மத்த பிள்ளைங்க எப்படிப் பொழைச்சிச்சு? இருநூறு பிள்ளை எடுத்திருக்கேன்!"

"எல்லாச் சாம்பல்லயும் இருக்காது. எதுல இருக்குன்னு கண்ணால பார்த்துச் சொல்ல முடியுமா உங்களால?"

மிஸ்ஸி உள்ளே போய்ப் பிரசவ விடுதியின் தடித்த பதிவுப் புத்தகத்தை எடுத்து வந்து, பக்கம் பக்கமாகப் புரட்டிப் படித்துக் காட்டினாள். மூன்று வருஷம், நானூற்றுச் சொச்சம் பிள்ளைகள். குறைமாதத்தில் செத்தது இருந்தது, காய்ச்சலில் செத்தது இருந்தது. சாம்பலே வைக்காத அந்த விடுதியில் இழுப்பில் செத்தது ஒன்றுகூட இல்லை.

வகுப்பு முடிந்ததும் பவுனம்மாள் பின்பக்கத் தண்ணீர்க் குழாயடியில் போய் உட்கார்ந்தாள். பக்கத்து ரயில் நிலையத்தில் பெட்டிகளைக் கோக்கிற சத்தம் ஓயாமல் கேட்டது. அவளுக்கு எழுதத் தெரியாதே தவிர, தன் கையில் பிறந்த ஒவ்வொரு பிள்ளையும் நினைவில் இருந்தது. இழுப்பில் போனவர்களை மட்டும் விரல் விட்டு எண்ணினாள். பத்து விரலும் தீர்ந்து, இன்னும் ஒன்று மிச்சம் இருந்தது.

கடைசி இரண்டும் இராஜம்மாளின் ஆண் பிள்ளைகள். முதலாவது போனபோது பவுனம்மாளும் சேர்ந்து அழுதாள். இரண்டாவது போனபோது, "வயித்துப் பிள்ளைக்காரி அந்தி நேரத்துல கித்தா மரக் காட்டுல நின்னே இல்ல? பட்சி தோஷம். உன் தப்புதான்டி," என்று அவள் முகத்துக்கு நேராகவே சொல்லியிருந்தாள். பிள்ளையைத் தின்னவள் என்று தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தில் இராஜம்மாளுக்குப் பட்டப்பெயர் விழுந்தது அன்றைக்குத்தான்.

பவுனம்மாள் குழாயைத் திறந்துவிட்டு, அந்தச் சத்தத்தில் வாய்விட்டு அழுதாள்.

சாயங்காலம் துணிமூட்டையைக் கட்டினாள். ஊருக்குப் போய் ரப்பர் மரத்தில் பால் வெட்டிப் பிழைத்துக்கொள்ளலாம், இந்தக் கைக்கு இனிப் பிள்ளை வேண்டாம் என்று நினைத்தாள். கட்டி முடித்தபோதுதான் இராஜம்மாள் இப்போது ஐந்து மாசம் என்பது உறைத்தது. இவள் ஓடிப்போனால் வேறு எவளாவது வந்து பிரசவம் பார்ப்பாள். கொட்டகை மூலையில் ஒரு பானை நிறையச் சலித்து வைத்த சாம்பல் இருக்கிறது. வருகிறவள் அதைத்தான் எடுத்து வைப்பாள்.

மூட்டையை அவிழ்த்தாள்.

அதற்குப் பிறகு மிஸ்ஸிக்குத்தான் கஷ்ட காலம். ஒவ்வொன்றையும் பவுனம்மாள் இரண்டு தரம், மூன்று தரம் கேட்டாள். கத்தரிக்கோல் எவ்வளவு நேரம் கொதிக்க வேண்டும், துணியை எதில் சுற்றி வைக்க வேண்டும், வீட்டுக்காரர்கள் துணியை அவிழ்த்துவிட்டால் என்ன செய்வது என்று சாப்பிடுகிற நேரத்திலும் துரத்தினாள். "என்னைத் தூங்கவாவது விடுங்க பவுனம்மா," என்று மிஸ்ஸி கும்பிட்டாள். பரீட்சையில் வெள்ளைக்கார டாக்டரம்மா கேட்ட எல்லாவற்றுக்கும் மிஸ்ஸி மொழிபெயர்த்து முடிக்கும் முன்பே பதில் வந்தது. பெயர் பதிந்தாகிவிட்டது. கத்தரிக்கோலும் மருந்துத் துணியும் வைத்த ஒரு தகரப் பெட்டியும் கொடுத்தார்கள்.

திரும்பி வந்தவள் முதல் காரியமாகக் கொட்டகைக்குப் போனாள். பானை காலி.

"நீ வர்றதுக்குள்ள தீர்ந்துடும்னு நல்லம்மா கொஞ்சம் எடுத்து வச்சிருக்கா. மீதியை ஊரே பங்கு போட்டுக்கிச்சு," என்றாள் பக்கத்து வீட்டுக்காரி.

நல்லம்மாள் இராஜம்மாளின் மாமியார். பவுனம்மாள் நேரே டிரஸரிடம் போய் எல்லாவற்றையும் கொட்டினாள். சபாபதி மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"நீயா போய் எதையும் உளறாதே. 'நான்தான் கொன்னேன்'னு சொன்னா உன்னை எவ கூப்பிடுவா? சர்க்கார் உத்தரவுன்னு சொல்லு, போதும்."

அவர் சொன்னதும் நியாயமாகத்தான் பட்டது. பவுனம்மாளும் வீடு வீடாகப் போய்ச் சர்க்கார் உத்தரவென்றே சொல்லி வந்தாள். எல்லாரும் தலையாட்டினார்கள்.

இரண்டு மாசம் கழித்து, ரப்பர் பால் நிறுக்கிற நேரத்தில் இராஜம்மாளுக்கு வலி கண்டது. பவுனம்மாள் பெட்டியோடு ஓடினாள். வெந்நீர் வைக்கச் சொல்லி உள்ளே போனால், படுக்கைக்குப் பக்கத்தில் ஒரு கிண்ணம். நைசான சாம்பல்.

"நல்லம்மாக்கா, இது வேணாம். சர்க்கார் உத்தரவு."

"சர்க்காரா என் பேரனைப் பெத்துப் போடுது? நீ உன் துணியைக் கட்டிட்டுப் போ. நீ போனதும் நான் அவிழ்த்து வச்சுக்கிறேன். தோஷம் புடிச்சவ வயித்துல பொறக்கப் போறது, உன் சாம்பலாவது காப்பாத்தட்டும்."

இராஜம்மாள் வலியிலும் அந்தச் சொல்லைக் கேட்டு முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள். பவுனம்மாள் அதைப் பார்த்தாள். துணியைக் கட்டலாம், எட்டு நாளும் இங்கேயே உட்கார்ந்து காவல் காக்க முடியுமா? உத்தரவு அவள் வாசலைத் தாண்டும்வரைதான் நிற்கும்.

கிண்ணத்தைப் பறித்தாள். நல்லம்மாள் விடவில்லை. இழுத்த இழுப்பில் சாம்பல் பவுனம்மாளின் முழங்கை வரை கொட்டியது. சத்தம் கேட்டு லயத்துப் பெண்கள் வாசலில் கூடிவிட்டார்கள்.

"தோஷமும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல!" என்று பவுனம்மாள் கத்தினாள். "இந்தச் சாம்பல்தான். இதுலதான் இழுப்பு வருது. இவ ரெண்டு பிள்ளையையும் கொன்னது நான். காளியம்மா பெத்த பொண்ணைக் கொன்னதும் நான். பதினோரு பிள்ளை. எனக்குத் தெரியாது, தெரியாமத்தான் செஞ்சேன். ஆனா செஞ்சது நான்தான். இராஜம்மா மேல ஒரு தப்பும் இல்ல. வீட்டுல என் சாம்பல் வச்சிருக்கிறவங்க இப்பவே போய்க் கொட்டுங்க!"

நல்லம்மாள் காலிக் கிண்ணத்தைப் பிடித்தபடி அப்படியே நின்றாள்.

"அக்கா, இங்க வா," என்றாள் இராஜம்மாள்.

பவுனம்மாள் பக்கத்தில் போய்க் குனிந்தாள். இராஜம்மாள் ஒரு கையை ஊன்றி எழுந்து, இன்னொரு கையால் அவள் கன்னத்தில் ஓங்கி அறைந்தாள். இரண்டாவது தரமும் அறைந்தாள். மூன்றாவதற்குக் கை எழவில்லை. அடுத்த வலி வந்துவிட்டது. பல்லைக் கடித்துக்கொண்டு அது அடங்கும்வரை காத்திருந்தாள். அவள் கண்ணில் தண்ணீர் நிற்காமல் ஓடியது.

பவுனம்மாள் நகரவில்லை. பெட்டியைத் தூக்கிக்கொண்டு வெளியே போகச் சொல்லப் போகிறாள் என்று நினைத்தாள். சொன்னால் போய்விட வேண்டியதுதான்.

"என்ன பார்த்துக்கிட்டு நிக்கிற?" என்றாள் இராஜம்மாள். "போய்க் கையைக் கழுவிட்டு வா."