முன்னால் எலியோ, பின்னால் எலியோ

1

இந்தக் கதையை நான் யோசித்து எழுதவில்லை, எட்டிப் பார்த்து எழுதினேன். நம் தலைநகர் மொந்தெவிதேயோவில் மழை பிடித்துக்கொண்டால் மாவைத் தட்டி தோர்த்தா ஃப்ரீத்தா பொரித்துத் தின்பதைத் தவிர வேறு வேலை ஓடாது. அப்படி ஒரு மதியம், செனட்டில் எத்தனை பேர் என்று மைத்துனனோடு வாய்ச்சண்டை முற்றி, இணையக் கலைக்களஞ்சியத்தைத் திறந்தேன். (அவன்தான் ஜெயித்தான். அது இந்தக் கதையில் வராது.)

கட்டுரையின் அடியில் ஒரு பெட்டி இருந்தது. நம் நாடாளுமன்றத்தைப் பற்றிய கட்டுரைகளுக்கெல்லாம் வழி காட்டும் இணைப்புகள் அதில் வரிசையாக நின்றன. செனட், பிரதிநிதிகள் சபை, ஒவ்வொரு பேரவைக் காலம், ஒவ்வொரு உறுப்பினர், அவருக்கு முன்னால் யார், பின்னால் யார். யாரோ ஒரு புண்ணியவதி உட்கார்ந்து அடுக்கியிருக்கிறாள். யார் என்று பார்க்கப் போய், பெட்டிக்குப் பின்புறம், கட்டுரைகளைத் திருத்துகிறவர்கள் பேசிக்கொள்ளும் உரையாடல் பக்கத்தில் விழுந்தேன். அங்கே ஒரு சண்டை நடந்துகொண்டிருந்தது. எண்ணெய் புகைந்ததுகூடத் தெரியாமல் படித்தேன்.

பெயர்களை மாற்றிவிட்டேன். தெரியாத இடங்களை இட்டுக்கட்டினேன். எது எது என்று கேட்காதீர்கள்.

2

முதல் தொடக்கம்: நீபியா டெச்சேராவுக்குச் சின்ன வயதிலிருந்தே ஒழுங்கு என்றால்

(நிறுத்து. சின்ன வயதுக்கெல்லாம் போனால் பக்கம் போதாது.)

இரண்டாவது தொடக்கம்: மெத்தைக் கடையில்* ஆள் வராத நேரங்களில் நீபியா கணினியைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டு, கையில் மாத்தே தேநீர்க் குவளையோடு நாடாளுமன்றத்தை அடுக்குவாள். சம்பளம் இல்லை, பேர் இல்லை, பட்டம் இல்லை. உறுப்பினர் ஒவ்வொருவருடைய கட்டுரையின் அடியிலும் இரண்டு அம்புகள் போடுவாள். இடது அம்பு முன்னவருக்கு, வலது அம்பு பின்னவருக்கு. ஓர் அம்பைத் தட்டினால் அடுத்தவர், அவரைத் தட்டினால் அதற்கடுத்தவர் என்று நூறு வருஷத்துக்கு வழுக்கிக்கொண்டே போகலாம். அது அவளுக்குக் கொள்ளை இன்பம். எனக்கும்தான். ஆகவே இந்தத் தொடக்கமே இருக்கட்டும்.

* முதல் வரைவில் மூக்குக்கண்ணாடிக் கடை. 'பார்வை' என்று விமர்சகர்கள் கிளம்பிவிடுவார்கள் என்று பயந்து மெத்தையாக்கினேன். மெத்தையிலும் எதையாவது கண்டுபிடிப்பார்கள், விடுங்கள்.

3

சிக்கல் அவளுடைய அக்காவால் வந்தது. ஒலிந்தா டெச்சேரா, ரோச்சா மாவட்டத்தில் கால்நடை மருத்துவர். எலியோ பெரசா என்ற உறுப்பினருக்கு மாற்று உறுப்பினர். அவர் விடுப்பு எடுத்த நாட்களில் ஒலிந்தா அவர் இடத்தில் உட்கார்ந்தாள், வாலீஸாஸ் ஓடையில் இறால் பிடிப்பவர்களுக்காக நல்ல காரமாக ஒரு பேச்சுப் பேசினாள், அவர் திரும்பி வந்ததும் மாடுகளிடம் போய்விட்டாள். நம் ஊரில் இது அன்றாடம் நடப்பது. ஆனால் அம்புகளுக்கு இது தெரியாதே. ஒருவர் போனால் அடுத்தவர் வருவார், போனவர் போனவர்தான் என்று இருக்கிற வேறு நாடுகளின் பெட்டியைப் பார்த்து நீபியா அப்படியே எடுத்துப் போட்டிருந்தாள். விளைவு, ஒலிந்தாவின் கட்டுரைக்கடியில் இப்படி வந்தது: முன்னால் எலியோ பெரசா, பின்னால் எலியோ பெரசா.

சால்த்தோ ஊரிலிருந்து எழுதும் வால்டெமர் என்பவர் அதைப் பார்த்துவிட்டார்.

"என்னங்க இது, ரெண்டு பக்கமும் ஒரே ரொட்டி, நடுவுல ஒரு துண்டு மோர்த்தடெல்லாக் கறி?" என்று உரையாடல் பக்கத்தில் எழுதினார். கீழே நாலு பேர் சிரித்து வைத்தார்கள்.

நீபியாவுக்கு முகம் எரிந்தது. அந்த மோர்த்தடெல்லா தன் கூடப் பிறந்தவள் என்று அங்கே யாருக்கும் தெரியாது. சொந்தக்காரர்களைப் பற்றிய கட்டுரைகளில் கை வைக்கக் கூடாது என்பது அங்கே விதி. அவள் என்ன செய்தாள் தெரியுமா? விளக்கம் எழுதவில்லை, திருப்பித் திட்டவில்லை. பெட்டியிலிருந்து மாற்று உறுப்பினர்கள் அத்தனை பேரையும் எடுத்துவிட்டாள். காரணம் என்ற கட்டத்தில் 'ஒழுங்குபடுத்தல்' என்று ஒரே சொல்.

எந்தப் பக்கத்திலிருந்தும் இணைப்பு வந்து சேராத கட்டுரைக்கு அங்கே அநாதை என்று பெயர். ஒலிந்தாவின் கட்டுரைத் தலையில் அந்த அறிவிப்பு தொங்கியது. கொஞ்ச நாளில் அதற்குக் கீழே இன்னொன்று வந்தது: இதை நீக்கிவிடலாமா, உங்கள் கருத்தைப் பதியுங்கள்.

4

ஒலிந்தா தொலைபேசியில் கூப்பிட்டாள். [இந்தப் பேச்சு அந்த உரையாடல் பக்கத்தில் இல்லை. நான் கேட்டதுபோல எழுதுகிறேன். அக்கா தங்கைச் சண்டை எனக்குப் புதிதல்ல.]

"ஏண்டி, என் கட்டுரைக்கு வர்ற வழியெல்லாம் அடைச்சிட்டியாமே?"

"அடைக்கலக்கா. ஒழுங்கு பண்ணேன். மாத்து உறுப்பினர் எல்லாரையுந்தான் எடுத்தேன், உன்னை மட்டும் இல்ல."

"ஓகோ, ஊரோட சேத்துத்தான் என்னைத் தூக்கினியா. பெரிய நியாயஸ்தி."

"அவன் உன்னைக் கேலி பண்றான்க்கா. எனக்குப் பொறுக்கல."

"கேலி பண்ணவன உள்ள விட்டுட்டு என்னை வெளிய தள்ளினியா? நல்லா இருக்குடி உன் பொறுக்காமை!"

"அக்கா, கொஞ்சம் கேளு..."

"நீ கேளு. எலியோ பேரும் என் பேரும் ஒரே தாள்ல அச்சாகி இருந்துச்சு. ரோச்சா சனம் அந்தத் தாளத்தான் உறைக்குள்ள போட்டு ஓட்டுப் போட்டுச்சு. நான் ஒண்ணும் அந்தாளுக்கு நாற்காலி தொடைக்கப் போகல."

அதோடு பேச்சு நின்றது. மாதாமாதம் இருபத்தொன்பதாம் தேதி, நம் ஊர் வழக்கப்படி ஞோக்கி என்ற உருளைக்கிழங்கு உருண்டை சாப்பிட ஒலிந்தா பஸ் ஏறி வருவாள். அந்த மாதம் வரவில்லை. அடுத்த மாதமும் வரவில்லை. நீபியா தனியாக உட்கார்ந்து தின்றாள், பாதியைக் கொட்டினாள். எனக்கு அவளைப் பார்த்தால் கோபமும் வருகிறது, பாவமாகவும் இருக்கிறது.

5

இங்கே வால்டெமரைப் பற்றி என் சந்தேகத்தைச் சொல்லிவிட வேண்டும். கதைக்கு ஒரு வில்லன் தேவைப்பட்டான், இவரை வைத்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன். தடித்த மூக்கு கொடுத்தேன். மனைவி விட்டுப் போனாள் என்றுகூட ஒரு வரி

(அழித்தேன். ஒரு கேலிக்கு இவ்வளவு தண்டனையா?)

பிறகு உரையாடல் பக்கத்தை இன்னும் கீழே படித்தேன். நீக்கும் யோசனைக்கு எதிராக முதலில் எழுதியவரே அவர்தான். 'நான் கிண்டல் செய்தது பெட்டியை, அந்த அம்மாவை அல்ல. அவர் பேச்சைப் படித்தேன், பிரமாதம். இறால்காரர்களைப் பற்றி அந்தச் சபையில் வேறு யார் வாய் திறந்தார்கள்?' என்று எழுதியிருந்தார். என் வில்லன் கைவிட்டுப் போனான். கதை எழுதுகிறவனுக்கு இது நஷ்டம், மனிதனாக எனக்கு நிம்மதியாக இருந்தது.

நீபியாவும் இதைப் படித்தாள். மெத்தை வாங்க வந்த ஒரு தம்பதி படுத்துப் பார்த்து, எழுந்து, மறுபடி படுத்துப் பார்த்தும் அவள் திரையை விட்டுத் தலை நிமிரவில்லை. அக்கா கத்தியது காதில் ஒலித்தது. ஒரே தாள். உறைக்குள் போனது ஒரே தாள். அப்படியென்றால் இவருக்கு முன்னால் அவர், அவருக்குப் பின்னால் இவர் என்கிற அம்பே இந்த நாட்டுக்கு ஒட்டாது. மாவட்டம், அதற்குள் தாள், தாளுக்குள் அந்த இடங்களில் உட்கார்ந்த எல்லோரும் பக்கத்துப் பக்கத்தில். தப்பு அக்காளிடம் இல்லை, பெட்டியில் இருந்திருக்கிறது.

புரிந்துவிட்டது. ஆனால் அதைத் தன் கையால் செய்ய முடியாது. தான் ஒலிந்தாவுக்கு யார் என்று சொல்லிவிட்டுத்தான் மற்றவர்களைக் கேட்க வேண்டும். சொன்னால் அவள் இத்தனை வருஷம் போட்ட ஒவ்வோர் இணைப்பையும் தோண்டிப் பார்ப்பார்கள், பெட்டியை அவளிடமிருந்து பிடுங்கினாலும் பிடுங்குவார்கள். அவளுக்கென்று இருந்தது அந்தப் பெட்டி ஒன்றுதான்.

6

அவள் எழுதியதை அப்படியே தருகிறேன்.

'ஒலிந்தா டெச்சேரா என் அக்கா. அவரைச் சேர்க்கவும் எனக்கு உரிமை இல்லை, எடுக்கவும் உரிமை இல்லை. எடுத்தது தப்பு. அம்புகளை நீக்கிவிட்டு, ஒரே வாக்குத் தாளில் வந்தவர்களை ஒரே வரியில் வைக்கலாம் என்பது என் யோசனை. மாதிரியைக் கீழே போட்டிருக்கிறேன். நான் தொட மாட்டேன். சரியென்று பட்டால் நீங்கள் யாராவது செய்யுங்கள்.'

இரண்டு பேர் திட்டினார்கள். ஒருவர் அவளுடைய பழைய திருத்தங்களையெல்லாம் சரிபார்க்கக் கிளம்பி, நன்றாகத்தான் இருக்கிறது என்று அலுப்போடு திரும்பி வந்தார். வால்டெமர், "ஏம்மா, இத முன்னாடியே சொல்லித் தொலைச்சிருக்கக் கூடாதா? அந்த மோர்த்தடெல்லாவ நான் வாபஸ் வாங்கிக்கறேன்" என்று எழுதிவிட்டு, ரோச்சாவிலிருந்து வேலையைத் தொடங்கினார். பெட்டியில் எலியோ பெரசாவுக்குப் பக்கத்தில் ஒலிந்தா டெச்சேரா வந்தாள். அநாதை அறிவிப்பு இறங்கியது. நீக்கும் யோசனையும் விழுந்தது.

பெட்டி சரியாகிவிட்டது. அக்கா?

7

முடிவு (அ): ஒலிந்தா பேசவே இல்லை. — இது இலக்கியத்தரமாக இருக்கும் என்று நண்பர் சொன்னார். எனக்கு மனசு வரவில்லை.

முடிவு (ஆ): இருபத்தொன்பதாம் தேதி, வாசலில் மணி அடிக்கிறது, ஞோக்கி ஆவி பறக்கிறது — சினிமாக்காரர்கள் எடுத்துக்கொள்ளட்டும்.

முடிவு (இ) நான் எழுதியதல்ல. போன வாரம் அந்த உரையாடல் பக்கத்தை மறுபடி திறந்தேன். அடியில், புதிதாகக் கணக்குத் தொடங்கிய ஒருவர் எழுதியிருந்தார்:

"நான் ஒலிந்தா டெச்சேரா. இன்னிக்குத்தான் இதுக்குள்ள வந்தேன், எங்கயாச்சும் தப்பா அமுக்கியிருந்தா மன்னிச்சுக்கங்க. என்னைச் சேத்ததுக்கு நன்றி. ஆனா டெல்மிரோ கொரேயா எங்க? அதே தாள்ல எனக்குக் கீழ இருந்தவரு. ஒரே ஒரு மத்தியானம் சபையில உக்காந்தாரு. வாயத் திறக்கல, உண்மைதான். ஆனா கல்யாணக் கோட்டப் போட்டுக்கிட்டு காஸ்தீயோஸ்லேருந்து பஸ் ஏறி வந்தாரு. அவரை விட்டுட்டு எனக்கு மட்டும் எதுக்கு இடம்? நீபியா, இத நீதாண்டி செய்யணும். அவரு நமக்குச் சொந்தம் இல்ல. நீ தாராளமா தொடலாம்."

இரண்டு மாதத்துக்குப் பிறகு அக்கா அவளை 'டி' போட்டுக் கூப்பிட்டிருக்கிறாள், அதுவும் ஊரே பார்க்கிற இடத்தில்.

நான் பார்த்தபோது அதற்குக் கீழே பதில் இல்லை. நீபியாவுக்காக நான் மூன்று பதில்கள் எழுதிப் பார்த்தேன். ஒன்றில் அழுகை கூடிப்போனது, ஒன்றில் சாமர்த்தியம் கூடிப்போனது, மூன்றாவது என் குரலில் இருந்தது. அழித்துவிட்டேன். கோபித்துக்கொண்டு திரும்பி வந்தவர்களிடம் எப்படிப் பேச்சைத் தொடங்குவது என்று உங்களில் யாருக்காவது கட்டாயம் தெரிந்திருக்கும். இங்கேயும் யார் வேண்டுமானாலும் எழுதலாம்.

நீபியா: அக்கா,