இருநூற்று நாற்பத்தொன்பது இரவுகள்

1

இந்தக் கதை பிறந்த இடத்தைச் சொன்னால் சிரிப்பீர்கள். வருமான வரி வழிகாட்டிப் புத்தகத்தில் பிறந்தது. அமெரிக்காவின் அக்ரன் நகரத்தில் பத்தொன்பது வருடமாக வரி கட்டுகிறேன், ஒரு வருடமும் நேரத்துக்குக் கணக்கு எழுதியதில்லை. சென்ற மாசியிலும் கணக்கை எழுதாமல் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்தேன். பிரிந்து வாழும் அப்பா அம்மாவில் பிள்ளையை யார் தன் கணக்கில் காட்டலாம் என்று பேசும் இடத்தில், ஐந்தாறு வரியில் ஒரு பத்தி. படித்ததும் நாற்காலியை விட்டு எழுந்தே விட்டேன். ஒரு கதைத் திருப்பத்துக்காக நான் எழுந்து நின்றது அதுதான் முதல் தடவை.

என்ன பத்தி என்று இப்போது சொல்ல மாட்டேன். முதலில் அதற்கு ஒரு ஆள் வேண்டும்.

2

மூன்று தொடக்கங்கள் எழுதினேன்.

(அ) பனி பெய்துகொண்டிருந்த ஒரு

(வேண்டாம். இந்த ஊரில் பனி எப்போது பெய்யவில்லை?)

(ஆ) தனியாகப் பிள்ளை வளர்க்கும் ஒரு தாயின் துயரக் கதை இது.

(துயரமாம்! ரோலாண்டா படித்தால் அடிக்க வருவாள்.)

(இ) சனிக்கிழமை காலை பத்து மணிக்கு ரோலாண்டா ஹேர்ஸ்டன் நூலகத்துக்குள் துள்ளாத குறையாக நுழைந்தாள்.

இதுதான் சரி. சம்பளத்தில் வருடம் முழுக்கப் பிடித்த வரியும், குறைந்த வருமானத்தில் பிள்ளை வளர்ப்பவர்களுக்கு அரசு தரும் சலுகையும் சேர்ந்து ஒரே மூட்டையாகத் திரும்பி வரும் பருவம் அது. ஊரே ரீஃபண்டைப் பற்றித்தான் பேசும். ரோலாண்டாவுக்கு முப்பத்துமூன்று வயது. ரொட்டித் தொழிற்சாலையில் இரவு பத்திலிருந்து காலை ஆறு வரை வேலை. பக்கத்து ஊர்க் கிளையில் பகல் வேலை தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள், ஆனால் அங்கே போகப் பேருந்து கிடையாது. பழைய கார் விற்கும் இடத்தில் நீல நிறத்தில் ஒன்று நிற்கிறது, விலை நாலாயிரத்து எண்ணூறு டாலர். கார் வந்தால் பகல் வேலை. பகல் வேலை கிடைத்தால் எட்டு வயது மகள் ஜூனியும் அவளும் ஒரே வீட்டில் தூங்கலாம். அவளுக்கு வேண்டியது அவ்வளவுதான்.

3

நூலகத்து மேசையில் இலவசமாக வரிக் கணக்கு எழுதித் தருபவள் பெர்னடின். வாரநாளில் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறாள், பேசுவதும் ஓட்டுவது போலத்தான்.

"உக்காரு தங்கம். போன வருஷம் என்னன்னு போட்ட?"

"தனி ஆள்னு. எனக்குத்தான் கல்யாணமே ஆகலையே, மிஸ் பெர்னடின்."

"வாடகை யாரு குடுக்குறா?"

"நான்."

"சோறு?"

"நான்."

"அப்புறம் என்னடி தனி ஆள்? நீ குடும்பத் தலைவி. அதுக்குன்னு தனியா ஒரு கட்டமே இருக்கு, பாரு. வரி குறையும்."

கூட்டிக் கழித்ததில் ஐயாயிரத்து நானூற்று எண்பது டாலர் வந்தது. ரோலாண்டா விசிலே அடித்துவிட்டாள். பெர்னடின் கணக்கைக் கணினி வழியாக அனுப்பினாள். பத்து நிமிடத்தில்* திரும்பி வந்தது: இந்தப் பிள்ளையை ஏற்கெனவே வேறொருவர் காட்டியிருக்கிறார்.

* உண்மையில் பதில் வர ஒரு நாள்கூட ஆகலாம். எனக்குத்தான் பொறுமை இல்லை.

"கர்டிஸ்," என்றாள் ரோலாண்டா. ஜூனியின் அப்பா. இரண்டு தெரு தள்ளி இருக்கிறான்.

[இங்கே கர்டிஸைக் குடிகாரனாக்கி ஒன்றரைப் பக்கம் எழுதினேன். ரோலாண்டா ஒத்துக்கொள்ளவில்லை. "சோம்பேறின்னு சொல்லுங்க, கேட்டுக்குறேன். ஆனா நான் வேலைக்குப் போற ராத்திரியெல்லாம் பொண்ணு அவன் வீட்டுலதான் தூங்குறா. ஒரு நாள்கூட முடியாதுன்னு சொன்னதில்ல." ஒன்றரைப் பக்கத்தையும் கிழித்தேன்.]

"ரெண்டு பேரும் காட்ட முடியாது," என்றாள் பெர்னடின். "புள்ள யாரு வீட்டுல அதிக ராத்திரி தூங்குனாளோ, அவங்களுக்குத்தான்."

ரோலாண்டா வீட்டு நாட்காட்டியைப் போனில் படம் பிடித்து வைத்திருந்தாள். இருவரும் சேர்ந்து எண்ணினார்கள். கர்டிஸ் வீட்டில் இருநூற்று நாற்பத்தொன்பது இரவுகள். ரோலாண்டா வீட்டில் நூற்றுப் பதினேழு. (அது லீப் வருடம். கூட்டிப் பார்க்கும் வாசகர்களை எனக்குத் தெரியும்.)

"அத்தன ராத்திரியும் ரொட்டி அடுக்கிட்டு இருந்தேன்," என்றாள் ரோலாண்டா. "அவளுக்காகத்தானே அடுக்குனேன்?"

ரோலாண்டா வாசலுக்கு வந்து, உறைந்துபோன

இல்லை, இந்த வாக்கியத்தை முடிக்கப் போவதில்லை. என்னிடம் அந்தப் பத்தி இருக்கிறது!

4

"பொறு, பொறு," என்று பெர்னடின் புத்தகத்தைப் புரட்டினாள். "இதப் படி."

இதோ, அந்தப் பத்தி சொல்வது: பெற்றோரில் ஒருவர் இரவு வேலை செய்கிறார். அந்த வேலையின் காரணமாகப் பிள்ளை அவரோடு அதிக இரவுகள் இல்லை, ஆனால் அதிகப் பகல்கள் இருக்கிறது. அப்படியானால் பிள்ளையை வைத்திருப்பவர் அவரே.

பார்த்தீர்களா? யாரோ ஒரு அதிகாரி, முகம் தெரியாத மனிதர், இரவு வேலைக்காரர்களை நினைத்து உட்கார்ந்து எழுதியிருக்கிறார். கதை எழுதும் எனக்குத் தோன்றாதது அவருக்குத் தோன்றியிருக்கிறது. எனக்குப் பொறாமையாகவும் இருந்தது, கட்டிப்பிடிக்கவும் தோன்றியது.

ரோலாண்டா அதை மூன்று தடவை படித்தாள். மூன்றாவது தடவை சத்தமாக.

"காலைல ஆறரைக்கு நான்தான் கூட்டிட்டு வரேன்! முட்டை பொரிச்சு, தலை பின்னி, ஸ்கூல்ல விடுறதும் நான்தான்! மூணு மணிக்கு நான்! ராத்திரி ஒம்பது வரைக்கும் நான்!"

"கத்தாதடி, நூலகம் இது. ஸ்கூல்ல எந்த விலாசம் குடுத்திருக்க?"

"என் விலாசம்!"

"அப்போ கத்து," என்றாள் பெர்னடின்.

கணினி ஏற்காததால் கணக்கைத் தாளில் அச்சடித்துத் தபாலில் அனுப்ப வேண்டும். சில மாதம் ஆனாலும் பணம் வரும். கார்க்காரர் முன்பணம் வாங்கிக்கொண்டு காத்திருக்கச் சம்மதித்திருக்கிறார். உறையும் தயார்.

5

கதை இங்கே முடிந்திருக்க வேண்டும். நானும் எழுந்து காபி போடப் போய்விட்டேன். திரும்பி வந்தால் ரோலாண்டா கர்டிஸுக்குப் போன் போட்டிருக்கிறாள். சத்தியமாக நான் போடச் சொல்லவில்லை.

"கர்டிஸ்! சட்டம் என் பக்கம்டா!" என்று பத்தியை முழுக்கப் படித்துக் காட்டினாள்.



"ஏமாத்தணும்னு காட்டல, ரோ. ராத்திரிய எண்ணித்தான் காட்டுனேன்," என்றான் கர்டிஸ். "சரி, பகல் உன்னோடது. அவளுக்குக் காய்ச்சல் வந்தப்ப முழிச்சிருந்தது யாரு? கெட்ட கனவு கண்டு அலறுனா விளக்கப் போட்டது யாரு? இருநூத்தி நாப்பத்தொம்போது ராத்திரி. அது எதுலயும் வராதா?"

ரோலாண்டா போனை மேசையில் வைத்தாள். கர்டிஸ் தனக்கு வந்த ரீஃபண்டில்தான் ஜூனிக்குக் கட்டில் வாங்கியிருக்கிறான். ரோலாண்டாவின் உறை போய்ச் சேர்ந்தால், வாங்கியதைத் திருப்பிக் கட்டச் சொல்லி அவனுக்குக் கடிதம் வரும்.

பெர்னடின் ஒரு தாளை மேசையில் நகர்த்தினாள். "இதுல கையெழுத்துப் போட்டு அவன்கிட்ட குடுத்தா, புள்ளைக்கான சலுகை ரெண்டாயிரம் இந்த வருஷம் அவனுக்கே. மத்ததத்தான் அவன் திருப்பணும். தலைவிங்கிற கட்டமும் மீதியும் உனக்கு. மூவாயிரத்து நானூத்தி எம்பது வரும்."

"கார் நாலாயிரத்து எண்ணூறு, மிஸ் பெர்னடின்."

"தெரியும் தங்கம்."

6

இரண்டு முடிவும் எழுதிவிட்டேன். ஒன்றில் அவள் கையெழுத்துப் போடவில்லை, கோடையில் நீலக் கார் வருகிறது. இன்னொன்றில் போடுகிறாள், இன்னும் ஒரு வருடம் இரவில் ரொட்டி அடுக்குகிறாள். இரண்டையும் மாற்றி மாற்றிப் படித்தேன், இரண்டும் எனக்குப் பிடித்திருக்கிறது. அதுதான் தொல்லை.

ஆகவே நீங்கள் சொல்லுங்கள். போடச் சொல்பவர்களே, ஒரு நிமிடம்: அவள் பணத்தில் நாம் தாராளமாக இருப்பது எளிது. காருக்குக் குறையும் அந்த ஆயிரத்து முந்நூற்று இருபது டாலர் மகள் பக்கத்தில் அவள் தூங்கவேண்டிய ஒரு வருட இரவுகள். வேண்டாம் என்பவர்களே, நீங்களும் கேளுங்கள்: இன்றைக்கு அவளுக்கு வேலை உண்டு. ஒன்பது மணிக்கு ஜூனியின் கையைப் பிடித்துக்கொண்டு கர்டிஸ் வீட்டுக் கதவைத் தட்ட வேண்டியது அவள்தான்.

தாள் மேசையில் இருக்கிறது. ஒன்பது ஆவதற்குள் சொல்லுங்கள்.